ஒரே வளைவை மீண்டும் சந்திப்பது

கோயம்புத்தூர்

அன்புள்ள மாப்பிள்ளை கதிருக்கு,

வசந்தம் பிறந்ததும் நண்பர்கள் மூவரோடு ஆகனிலிருந்து நூர்பர்க்ரிங் போய், வாடகைக் கார் எடுத்து, நோர்ட்ஷ்லைஃப பாதையில் "ஒரு கை பார்த்துவிட்டு" வரப்போவதாக எழுதியிருந்தாய். எப்படியாவது தடுத்து நிறுத்தச் சொல்லி உன் அம்மா எனக்கு உத்தரவு போட்டிருக்கிறாள். காரணம் சொல்லாத தடை உன் வயதில் அழைப்பிதழாகத்தான் படும் என்பதால் தடை போட நான் வரவில்லை. எனக்குச் சொல்ல இருப்பது ஒன்றுதான்: அந்தப் பாதையில் உனக்குப் பெரிய ஆபத்து வேகம் அல்ல. உன் திறமை வளர்வதைவிட விரைவாக உன் துணிச்சலை வளர்த்துவிடும்படி அந்தப் பாதை அமைந்திருக்கிறது. ஆபத்து அங்கேதான் இருக்கிறது. இதை நிதானமாக விளக்குகிறேன். வாதத்தில் ஓட்டை இருந்தால் வழக்கம்போல் நீயே சொல்லு.

முதலில் இடத்தைப் பார்ப்போம். ஜெர்மனியின் ஐஃபெல் மலைக்காட்டுக்குள் 1927-இல் திறக்கப்பட்ட பாதை அது. ஒரு சுற்று 20.8 கிலோமீட்டர், மேட்டுக்கும் பள்ளத்துக்கும் உயர வித்தியாசம் சுமார் 300 மீட்டர், எழுபதுக்கும் மேற்பட்ட வளைவுகள். பந்தயமும் கார் நிறுவனங்களின் சோதனையும் இல்லாத நேரங்களில் அதைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுகிறார்கள். அப்போது சட்டப்படி அது சுங்கம் கட்டிப் போகும் ஓர் ஒருவழிச் சாலைதான். சாலை விதிகள் பொருந்தும். வலப்பக்கம் ஒதுங்க வேண்டும், இடப்பக்கம் மட்டுமே முந்த வேண்டும், சுற்று நேரம் அளக்கக் கூடாது. ஓட்டுநர் உரிமமும், சாலையில் ஓடத் தகுதியான வண்டியும், டிக்கெட்டும் போதும். குழந்தைகளோடு வேடிக்கை பார்க்க வந்த குடும்ப வண்டியும், பந்தயத்துக்கென்றே செதுக்கிய போர்ஷேயும் ஒரே நேரத்தில் ஒரே பாதையில் போகும். நவீனப் பந்தயப் பாதைகளில் வழுக்கியவனை ஏற்றுக்கொள்ள அகலமான தார்ப்பரப்போ சரளைப் படுகையோ இருக்கும். இங்கே பெரும்பாலான இடங்களில் தார் முடிந்ததும் ஒரு துண்டுப் புல்வெளி, அதையொட்டி இரும்புத் தடுப்பு, அதற்கப்பால் காடு.

இனி என் வாதத்தின் மையத்துக்கு வருகிறேன். மனிதன் எதையும் திரும்பத் திரும்பச் செய்து, ஒவ்வொரு முறையும் சிறிய தவறைத் திருத்தித்தான் கற்கிறான். நம் செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயின் நீளம் சுமார் இரண்டு கிலோமீட்டர். இருங்காட்டுக்கோட்டைப் பாதை 3.7 கிலோமீட்டர். செட்டிப்பாளையத்தில் ஒரு வளைவைத் தவறாக எடுத்தால் ஓரிரு நிமிடத்தில் அதே வளைவு மறுபடியும் உன் முன்னே வரும். முந்தைய தவறு உடம்பில் இன்னும் ஈரமாக இருக்கும்போதே திருத்திவிடலாம். நோர்ட்ஷ்லைஃப பாதையில் சாதாரண ஓட்டுநர் ஒரு சுற்று முடிக்கப் பத்து நிமிடம் ஆகும். கரியில் ஒரு வளைவை ஐந்தாறு முறையாவது சந்தித்திருக்கும் நேரத்தில் இங்கே ஒருமுறைதான் சந்திப்பாய். இடையில் எழுபது வளைவுகள் வந்து அதன் நினைவை அழித்திருக்கும். ஆனால் வண்டியோடும் வேகத்தோடும் உனக்குள்ள பழக்கம் மட்டும் அந்த 20 கிலோமீட்டர் முழுவதும் இடைவிடாமல் ஏறிக்கொண்டே போகும். நான்காவது ஐந்தாவது சுற்றில், "எனக்கு இந்தப் பாதை தெரியும்" என்று தோன்றும். அப்போதும் ஒவ்வொரு வளைவையும் நீ நான்கைந்து முறைதான் பார்த்திருப்பாய். துணிச்சல் ஒரு கணக்கில் ஏறுகிறது, அறிவு வேறொரு கணக்கில் ஏறுகிறது. விபத்து அந்த இரண்டுக்கும் இடையில் விழும் பள்ளத்தில்தான் நடக்கிறது.

பார்வை மறையும் மேடுகள் இந்தப் பள்ளத்தை இன்னும் ஆழமாக்குகின்றன. ஃபுக்ஸ்ரோரெ என்ற இறக்கத்தில் பாய்ந்து இறங்கினால் அடியில் வண்டி அழுந்தி, உடனே மேலேறத் தொடங்கும். ஏற்றம் முடியும் இடத்தில் அடெனாவர் ஃபோர்ஸ்ட். மெதுவாகத் திரும்பவேண்டிய நெருக்கமான வளைவுகள் மேட்டுக்குப் பின்னே ஒளிந்திருக்கும். புதியவர்கள் நேரே புல்வெளிக்குள் போய் நிற்கும் காணொளிகள் அங்கே எடுக்கப்பட்டவை ஏராளம். கணக்கு உனக்குப் பிடிக்கும் என்பதால் எளிய கணக்கொன்று. 100 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு 28 மீட்டர் நகர்கிறது. காய்ந்த சாலையில் முழு பிரேக் பிடித்தால் சுமார் 40 மீட்டரில் நிற்கும். 200-இல் அது இரு மடங்காவதில்லை, நான்கு மடங்காகிறது. சுமார் 160 மீட்டர். கண் பார்த்துக் கால் அழுத்தும் ஒரு நொடியையும் சேர்த்தால் 200 மீட்டரைத் தாண்டிவிடும். அந்தப் பாதையில் 200 மீட்டர் முன்னே தெரியாத இடங்கள் எத்தனையோ உண்டு. மேட்டுக்கு அப்பால் ஒருவன் சுழன்று நிற்கலாம். எவனோ ஒருவனின் இயந்திரத்திலிருந்து எண்ணெய் கொட்டியிருக்கலாம். 20 கிலோமீட்டர் மலைப்பாதை என்பதால் ஒரு பக்கம் வெயில் அடிக்கும்போது மறுபக்கம் மழை பெய்திருக்கும். நீ அந்த வளைவைப் போன சுற்றில் பார்த்தது உண்மைதான். ஆனால் இந்தச் சுற்றில் அது அதே வளைவு அல்ல.

அந்தப் பாதையை நன்றாக அறிந்தவர்கள் அதைப்பற்றி என்ன முடிவுக்கு வந்தார்கள் என்று பார். 1968-இல் அங்கே நடந்த பந்தயத்தில் மழையிலும் பனிமூட்டத்திலும் இரண்டாவதாக வந்தவரை நான்கு நிமிடத்துக்கு மேல் பின்தள்ளி வென்றவர் ஜாக்கி ஸ்டூவர்ட். அதற்குப் பச்சை நரகம் என்று பெயரிட்டவரும், பாதைகளின் பாதுகாப்புக்காகக் கடுமையாகப் போராடியவரும் அவரேதான். 1975-இல் ஃபார்முலா 1 காரில் ஏழு நிமிடத்துக்குள் அதைச் சுற்றிய முதல் மனிதர் நிக்கி லவுடா. மறு ஆண்டு, பந்தயத்தைப் புறக்கணிக்கும்படி சக ஓட்டுநர்களைக் கேட்டுக்கொண்டவரும் அவர்தான்; இவ்வளவு நீளமான பாதைக்குப் போதிய மீட்பு ஏற்பாடு செய்யவே முடியாது என்பது அவருடைய கவலை. வாக்கெடுப்பில் தோற்றார். 1976 ஆகஸ்ட் 1 அன்று பெர்க்வெர்க் அருகே அவர் கார் தீப்பிடித்தபோது, பின்னால் வந்து நின்ற சக ஓட்டுநர்கள்தான் அவரை வெளியே இழுத்தார்கள். அதன்பின் ஃபார்முலா 1 அங்கே திரும்பவில்லை. 1983-இல் ஸ்டெஃபான் பெல்லோஃப் தகுதிச் சுற்றை 6 நிமிடம் 11 நொடியில் முடித்து, பல்லாண்டு நின்ற சாதனையைப் படைத்தார். மறுநாள் பந்தயத்தில் ஃப்ளான்ஸ்கார்ட்டனில் காரை நொறுக்கினார். தொழில்முறை ஓட்டுநர்களும் இன்று அங்கே பந்தயம் ஓட்டத் தனி அனுமதி பெற வேண்டும். நான்கு முறை உலகச் சாம்பியனான மாக்ஸ் வெர்ஸ்டப்பனும் 2025 செப்டம்பரில் முதலில் சக்தி குறைக்கப்பட்ட போர்ஷே கேமனில் ஓட்டித் தகுதி பெற்ற பிறகுதான் பெரிய காரில் ஏறினார், ஏறியதும் வென்றார். அவரிடம் கேட்ட படிப்படியான தயாரிப்பை உன்னிடம் யாரும் கேட்கப் போவதில்லை. கேட்காததால் அது உனக்குத் தேவையில்லை என்று ஆகிவிடாது.

உன் பதில்கள் எனக்குத் தெரியும். "சிமுலேட்டரில் பல நூறு சுற்று ஓட்டியிருக்கிறேன் மாமா" என்பாய். அதை நான் ஏளனம் செய்யமாட்டேன். லேசரால் அளந்து உருவாக்கிய பாதைகள் அவை. எந்த வளைவுக்குப் பின் எது வரும் என்பதை அவை நன்றாகவே கற்றுத் தருகின்றன. அவை கற்றுத் தராதது ஒன்று உண்டு: தவறின் விலை. திரையில் தடுப்பில் மோதினால் ஒரு பொத்தானில் வண்டி புதிதாகிவிடும். எனவே உன் கை பழகியிருப்பது விலையில்லாத உலகத்தின் வேகத்துக்கு. வளைவில் வண்டியின் எடை சாய்வதை இருக்கை வழியாக உணர்வது, பயத்தில் கால் தானாக ஆக்ஸிலரேட்டரிலிருந்து எழுவது, இவை அதில் இல்லை. வரிசையைத் தெரிந்துகொண்டு போகிறவன் தெரியாமல் போகிறவனைவிட வேகமாகப் போவான். வேகமாகப் போவதற்கான உரிமை அவனுக்கு எங்கிருந்து வந்தது என்பதுதான் என் கேள்வி.

"ஆட்டோபானில் 200-இல் போயிருக்கிறேனே, கார்களும் இப்போது பாதுகாப்பானவைதானே" என்பது அடுத்தது. ஆட்டோபான் நெடுந்தூரம் கண்ணுக்குத் தெரியும்படி அமைந்தது; அங்கே 200 என்பது கால் செய்யும் வேலை. மேட்டில் எடை குறைந்த வண்டியைத் திருப்புவது கையும் கண்ணும் சேர்ந்து செய்யும் வேலை. ஒன்றில் பழகியது மற்றொன்றுக்கு உதவாது. காரின் மின்னணு உதவிகள் டயர் தரும் பிடிமானத்தைப் பங்கிட்டுக் கொடுக்கும்; இல்லாத பிடிமானத்தை உண்டாக்கித் தர முடியாது. கார்களின் பாதுகாப்புக்கு நட்சத்திரம் தரும் யூரோ என்கேப் இன்று செய்யும் நேருக்கு நேர் மோதல் சோதனையில் காரின் வேகம் 50 கிலோமீட்டர். 150-இல் அதே காருக்குள் இருக்கும் ஆற்றல் ஒன்பது மடங்கு. ஐந்து நட்சத்திரத்தை நம்பிப் போகிறவன் இந்த ஒன்பதை மறந்துவிடுகிறான். நடிகர் அஜித்தையும் நீ இழுப்பாய். 2003-இல் ஃபார்முலா பிஎம்டபிள்யூ ஆசியாவிலும், 2010-இல் ஃபார்முலா 2-இலும் ஓட்டியவர் அவர். 2025 ஜனவரியில் துபாய் பயிற்சியின்போது அவர் கார் தடுப்பில் மோதிச் சுழன்றது; நடந்து வெளியே வந்தார். அவரைச் சுற்றி இரும்புக் கூண்டும், தோளையும் இடுப்பையும் பிணைத்த பட்டைகளும், கழுத்தைக் காக்கும் அமைப்பும், ஓடிவர ஆட்களும் இருந்தார்கள். வாடகைக் காரில் உனக்கு இருப்பது அலுவலகம் போகும் காரில் இருக்கும் அதே சீட் பெல்ட்.

எல்லாவற்றிலும் வலுவான ஆட்சேபம் வேறு: "ஒவ்வோர் ஆண்டும் எத்தனையோ பேர் போய்ப் பத்திரமாகத் திரும்புகிறார்களே?" உண்மை. நீயும் பெரும்பாலும் பத்திரமாகவே திரும்புவாய். நான் உன்னை யோசிக்கச் சொல்வது, பத்திரமாகத் திரும்புவது உனக்கு எதைக் கற்பிக்கும் என்பதை. வண்டி வழுக்கவில்லை என்றால், எல்லையைத் தாண்டவில்லை என்பது மட்டும் தெரியும். எல்லைக்கும் உனக்கும் இடையே ஒரு கெஜம் இருந்ததா ஒரு நூல் இருந்ததா என்பது தெரியாது. மன்னிக்கும் பாதையில் எல்லையைச் சற்றே மீறினால் சரளைக் கல்லில் உருண்டு நின்று, வெட்கத்தோடு திரும்பி வரலாம். அந்த வெட்கமே பாடம். நோர்ட்ஷ்லைஃப முதல் எச்சரிக்கையையே இரும்பில் எழுதி அனுப்பிவிடக்கூடும். எனவே அங்கே ஒவ்வொரு நல்ல சுற்றும், சான்றே இல்லாத ஒரு நம்பிக்கையை உனக்குக் கூட்டிக் கொடுக்கிறது. முதல் சுற்றில் பயம் உன்னைக் காக்கும். பயம் விலகி அறிவு இன்னும் வந்து சேராத சுற்றுகளைத்தான் நான் அஞ்சுகிறேன்.

இது உன் உயிர் பற்றிய கணக்கு மட்டுமல்ல. நீ 90-இல் ஒதுங்கிப் போகும்போது பின்னால் ஒருவன் 190-இல் வந்தால், 150 மீட்டர் இடைவெளி ஐந்தரை நொடியில் தீர்ந்துவிடும். அவனுடைய தவறு உன்னுடையதாகும், உன்னுடையது அவனுடையதாகும். 2025 முதல் பொது ஓட்டத்தில் மோட்டார்சைக்கிள்களை அனுமதிப்பதில்லை என்று நிர்வாகமே முடிவெடுத்ததை நினைத்துப் பார். பணத்தையும் மறந்துவிடாதே. சாதாரண வாடகை ஒப்பந்தங்கள் பெரும்பாலும் பந்தயப் பாதையை விலக்கியே எழுதப்பட்டவை; பல காப்பீட்டு ஒப்பந்தங்களும் அப்படித்தான். மோதினால் காரின் விலையோடு, தடுப்பைச் செப்பனிடும் செலவும், வண்டியை இழுத்துவரும் செலவும் உன் பெயருக்கு வரும். படிக்கப் போன இடத்தில் வங்கிக் கடனோடு இதையும் சுமக்க உன் அப்பாவின் ஓய்வூதியம் தாங்காது.

அப்படியானால் போகக் கூடாதா? போ. ஆனால் அந்தப் பாதையின் குறையை நிரப்பும் வழியில் போ. நோர்ட்ஷ்லைஃப பாதையைப் பகுதி பகுதியாகப் பிரித்து, பயிற்சியாளரோடு ஒவ்வொரு பகுதியையும் பலமுறை ஓட்டவைக்கும் பயிற்சி நாட்கள் உண்டு. கீர்த்தனை கற்கும்போது பல்லவியின் முதல் வரி பிடிபடும்வரை வாத்தியார் அடுத்த வரிக்குப் போகமாட்டாரே, அதே முறைதான். பொது ஓட்டத்தைவிடச் செலவு அதிகம்தான். நால்வரும் ஆளுக்கொரு கார் எடுப்பதற்குப் பதில் அந்தப் பணத்தை அதில் போடுங்கள். அதற்கும் முன்னால், பக்கத்திலேயே உள்ள புதிய கிராண்ட் பிரிக்ஸ் பாதையில் ஓட்டிப் பார். 1984-இல் திறக்கப்பட்ட அதில் தவறுக்கு இடம் உண்டு. பொது ஓட்டத்துக்குத்தான் போவேன் என்றால், வார நாளில் கூட்டம் குறைந்த நேரத்தில், காய்ந்த பாதையில் போ. கண்ணாடியை ஒவ்வொரு நேர்பாதையிலும் பார். வேகமாக வருபவனுக்கு வலப்பக்கம் ஒதுங்கி வழிவிடு. ஒரு சுற்று முடிந்ததும் இறங்கி, பிரேக்கையும் உன்னையும் ஆறவிடு. காப்பீடு எதை ஏற்கும், எதை ஏற்காது என்பதை எழுத்தில் வாங்கிக்கொள். ஏப்ரலிலும் பனி விழக்கூடிய மலை அது. விழுந்தால் டிக்கெட் போனால் போகட்டும்.

கடைசியாக ஒரு நிபந்தனை, இதில் மட்டும் நான் மாமனாகப் பேசுகிறேன். நண்பர்களை உன் காரில் ஏற்றிக்கொண்டு வேகமாகப் போகாதே. தனியாகப் போகிறவனுக்கு மெதுவாகப் போக யாரிடமும் அனுமதி வேண்டாம். பக்கத்தில் மூன்று பேர் சிரித்துக்கொண்டிருந்தால் பிரேக்கில் கால் வைக்கவே கூச்சம் வரும். ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால், "இதைப்பற்றி எனக்கு உண்மையில் என்ன தெரியும்?" என்று ஒருமுறை கேள். பதில் தெளிவாக வரும் இடத்தில் உன் வேகத்தை நீயே முடிவு செய். வராத இடத்தில் மெதுவாகப் போவதற்கு யாரிடமும் மன்னிப்புக் கேட்காதே. உன் அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். பயிற்சிக்கு எந்தத் தேதி கிடைத்தது என்று எழுது. அந்தச் செலவில் பாதி என்னுடையது.

அன்புடன்,
உன் மாமா