தீர்மானம் ஆவதற்கு முன்னே: தேனி, கம்பம் பள்ளத்தாக்குக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

2022 ஏப்ரலில் தமிழகம் முழுக்கச் சொத்து வரி உயர்ந்தது. நகராட்சிகளிலும் பேரூராட்சிகளிலும் 600 சதுர அடி வரையுள்ள குடியிருப்புக்கு 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதைத் தாண்டினால் 100 சதவீதம். மன்றங்கள் தீர்மானம் போட்டு, நாளிதழில் அறிவிப்பும் கொடுத்தன. ஆட்சேபணை உள்ளவர்கள் எழுதித் தர 30 நாள் அவகாசமும் இருந்தது. ஆனால் வரி கட்டப் போய் ரசீதைப் பார்த்த அன்றுதான் பல வீடுகளுக்கு விஷயமே தெரிந்தது. அதற்குள் அந்த 30 நாள் முடிந்திருந்தது.

ஊர் நிர்வாகச் செய்தி பெரும்பாலும் நமக்கு முடிவாகத்தான் வருகிறது. நேற்று முடிவானதை இன்று பத்திரிகை போடுகிறது, நாளை டீக்கடையில் பேசுகிறோம். அந்த முடிவு காகிதமாக அலுவலகத்தில் கிடக்கும்போதே அதைப் பார்க்க நமக்கு வழி இருக்கிறது. அந்த வழியைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

உங்கள் தெரு யார் கையில்?

தேனி மாவட்டத்தில் தேனி அல்லிநகரம், பெரியகுளம், போடிநாயக்கனூர், சின்னமனூர், கம்பம், கூடலூர் என ஆறு நகராட்சிகள் உள்ளன. 22 பேரூராட்சிகள், 130 ஊராட்சிகள். முகவரியில் ‘தேனி’ என்று எழுதுகிற எல்லோரும் தேனி நகராட்சியில் இல்லை. பக்கத்திலேயே இருக்கும் பழனிசெட்டிபட்டி தனிப் பேரூராட்சி. ஊஞ்சாம்பட்டி ஒரு ஊராட்சி. வீட்டு வரி ரசீதின் தலைப்பில் எந்தப் பெயர் இருக்கிறதோ அதுதான் உங்கள் நிர்வாகம். ரசீதில் உள்ள வார்டு எண்ணையும் வரிவிதிப்பு எண்ணையும் செல்போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, பிரச்சினை எந்தத் துறையுடையது என்று பாருங்கள். கம்பம் வழியாகக் குமுளிக்குப் போவது தேசிய நெடுஞ்சாலை 183. போடிமெட்டு ஏறுவது 85. இந்தச் சாலைகளின் குழிக்கு நகராட்சி ஆணையரிடம் மனு கொடுத்தால், ‘எங்கள் சாலை இல்லை’ என்று பதில் வரும், அதுவும் சில வாரம் கழித்து. மாநில நெடுஞ்சாலைத் துறையின் சாலைகள் வேறு. ஆறும் வாய்க்காலும் நீர்வளத் துறைக்கு, அருவியும் மலையடிவாரமும் வனத்துறைக்கு. சுருளி அருவியில் குளிக்கத் தடையா இல்லையா என்பதைச் சொல்ல வேண்டியது வனத்துறைதான்.

முடிவெடுக்கும் இடத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதும் தெரிய வேண்டும். நகராட்சி, பேரூராட்சி உறுப்பினர்கள் 2022 பிப்ரவரி 19 தேர்தலில் வென்று மார்ச் 2-ல் பதவியேற்றவர்கள். பதவிக்காலம் ஐந்தாண்டு. 2019 டிசம்பரில் தேர்வான ஊராட்சித் தலைவர்களின் காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்களிடம் போனது. தேர்வான தலைவர் இல்லாத காலத்தில் ஊராட்சி விஷயமாக அணுக வேண்டிய இடம் வட்டார வளர்ச்சி அலுவலகம்.

அஜெண்டாவைப் பிடியுங்கள்

மொத்தக் கட்டுரையிலும் ஒரே ஒரு காரியத்தைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். நகர்மன்றம் மாதம் ஒருமுறை கூடும். கூட்டத்துக்குச் சில நாள் முன்பே, என்னென்ன பொருள்கள் மன்றத்துக்கு வருகின்றன என்ற பட்டியல் ஒவ்வொரு கவுன்சிலர் கைக்கும் போய்விடும். அதைத்தான் அஜெண்டா என்கிறோம். எந்தத் தெருவுக்கு வடிகால், எந்தக் கடைகள் ஏலம், எந்தப் பணிக்கு எவ்வளவு மதிப்பீடு என்பதெல்லாம் அதில் இருக்கும். மாதத் தொடக்கத்திலேயே உங்கள் கவுன்சிலரிடம், ‘அண்ணே, இந்த மாசக் கூட்டம் என்னைக்கு? அஜெண்டா வந்ததும் ஒரு போட்டோ அனுப்புங்க’ என்று கேளுங்கள். தயங்க வேண்டாம், அது ரகசியக் காகிதம் அல்ல. அவர் தராவிட்டால் பக்கத்து வார்டுக்காரரிடமோ, அலுவலகத்தில் மன்றப் பிரிவிலோ கேளுங்கள்.

பட்டியல் நீளமாக இருக்கும். எல்லாவற்றையும் படித்து மலைக்க வேண்டாம். உங்கள் வார்டு எண், உங்கள் தெருப் பெயர், கட்டணம், வரி, ஏலம், குத்தகை ஆகியவை வரும் இடங்களை மட்டும் முதலில் பாருங்கள். ஒவ்வொரு பொருளின் கடைசி வரி முக்கியம். ‘மன்றத்தின் அனுமதிக்கு’ என்று முடிந்தால் இனிமேல்தான் முடிவாகப் போகிறது, உங்கள் கவுன்சிலர் அதில் பேச முடியும். ‘பின்னேற்பு’ என்றிருந்தால் அவசரம் என்று சொல்லி வேலை ஏற்கெனவே தொடங்கியோ முடிந்தோ போயிருக்கும், மன்றம் ஒப்புக்கொள்வது மட்டும் பாக்கி. ஒரே மாதத்தில் பின்னேற்புப் பொருள்கள் நிறைய வந்தால், ‘இதில் என்ன அவசரம்?’ என்று மன்றத்தில் கேட்கச் சொல்லுங்கள்.

கேட்க வேண்டியதைக் கூட்டத்துக்கு முந்தைய நாளே அரைப் பக்கத்தில் எழுதிக் கவுன்சிலர் கையில் கொடுங்கள். வாயால் சொன்னால் அங்கே மறந்துபோகும். கூட்டம் முடிந்த மறுவாரம், என்ன தீர்மானம் ஆயிற்று, தீர்மான எண் என்ன என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண் இருந்தால் பின்னாளில் மனு எழுதுவதும் தகவல் கேட்பதும் எளிது.

நகராட்சிகளில் வார்டு குழுவுக்கும் பகுதி சபைக்கும் 2022-ல் விதிகள் வந்தன. வார்டுக்குள் அந்தந்தப் பகுதி மக்கள் கூடும் பகுதி சபையில் நீங்களே எழுந்து பேசலாம். உங்கள் வார்டில் கடைசியாக எப்போது கூடியது என்று கேட்டுப்பாருங்கள். கூடவே இல்லை என்றால் அதையே முதல் மனுவாக எழுதலாம்.

ஊராட்சிக்காரர்களுக்குக் கிராம சபை

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாளில் கிராம சபை. குறைந்தபட்ச வருகை இத்தனை என்று கணக்கு உண்டு. மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100, பத்தாயிரம் வரை 200, அதற்கு மேல் 300. ஊராட்சியின் வரவு செலவை அங்கே வாசிக்க வேண்டும். வேகமாக வாசித்துத் தாண்டினால் நிறுத்தச் சொல்லி, மறுபடி வாசிக்கச் சொல்லுங்கள். பதிவேட்டில் தீர்மானத்தை எழுதி முடித்து வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்துப் போடுங்கள். வெற்றுப் பக்கத்தில் போட்ட கையெழுத்துக்கு மேலே எதையும் எழுதிக்கொள்ளலாம். இந்த விஷயத்தில் கூச்சமே கூடாது.

தண்ணீர்ச் செய்தி

நம் பள்ளத்தாக்கில் தினம் பார்க்க வேண்டியது அணை நிலவரம். முல்லைப்பெரியாற்றின் தண்ணீரில் இரண்டு போகம் விளைகிற கம்பம் பள்ளத்தாக்கு ஆயக்கட்டு 14,707 ஏக்கர். முதல் போகத்துக்கு வழக்கமாக ஜூன் 1-ல் திறப்பார்கள். நீர்மட்டம் போதாத ஆண்டுகளில் தள்ளிப்போகும். பத்திரிகையில் ‘பெரியாறு 114 அடி’ என்று போட்டிருந்தால் அத்தனையும் நமக்கென்று எண்ண வேண்டாம். 104 அடிக்குக் கீழே உள்ள நீர் நம் பக்கச் சுரங்கப் பாதைக்கு ஏறாது, ஆகவே கணக்கில் பத்தடிதான். மேல் எல்லை, 2014 மே 7-ல் உச்ச நீதிமன்றம் அனுமதித்த 142 அடி. நாற்றங்கால் போடும் நாளை முடிவு செய்ய இந்த எண்களும் நீர்வளத் துறை அறிவிப்பும் வேண்டும், ஊர்ப்பேச்சு போதாது.

வைகை அணையின் முழு உயரம் 71 அடி. 66 அடியில் முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5-ல் இரண்டாவது, 69-ல் மூன்றாவது. ஆற்றோரம் தோட்டமோ ஆடு மாடோ உள்ளவர்கள் முதல் எச்சரிக்கையிலேயே மேட்டுக்கு மாறிவிட வேண்டும்.

செய்தியைச் சோதிப்பது

2023 மே 27 காலையில் அரிக்கொம்பன் யானை கம்பம் நகருக்குள் வந்தது. 144 தடை உத்தரவு போட்டார்கள். ஜூன் 5-ல் மயக்க ஊசி போட்டுப் பிடித்துக் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோகும் வரை பள்ளத்தாக்கே கலங்கிக் கிடந்தது. அப்படிப்பட்ட நாட்களில் செல்போனுக்கு வரும் ஒவ்வொரு வரியும் உண்மைபோலத்தான் தெரியும். பழைய வீடியோ புதிதாகச் சுற்றும், வேறு ஊர்ப் படம் நம் ஊர்ப் பெயரில் வரும்.

ஆகவே மூன்று கேள்வி கேட்டுவிட்டு அனுப்புங்கள்: சொன்னது எந்த அலுவலகம்? எந்தத் தேதியில்? எழுத்தில் இருக்கிறதா? மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்புகள் செய்தி மக்கள் தொடர்பு அலுவலகத்தின் செய்திக்குறிப்பாக வரும். பேரிடர் நேரத்தில் 1077-ஐ அழைத்துக் கேட்கலாம். மூன்றில் ஒன்றுக்குக்கூடப் பதில் இல்லாத செய்தியை யாருக்கும் அனுப்பாதீர்கள். அணை பற்றியது என்றால் இதில் இரண்டு மடங்கு கண்டிப்பு வேண்டும். ஆற்றோரத்து வீட்டில் முதியவர்களும் குழந்தைகளும் இருக்கிறார்கள்.

மனுவும் தகவல் உரிமையும்

திங்கள்கிழமை தோறும் தேனி ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர் கூட்டம். விவசாயிகளுக்கு மாதம் ஒரு தனிக் கூட்டம். ஒரு மனுவில் ஒரு பிரச்சினைதான் இருக்க வேண்டும், மூன்றைச் சேர்த்தால் மூன்று துறைக்குச் சுற்றும். இடம், வார்டு எண், எப்போதிலிருந்து, யாரிடம் ஏற்கெனவே சொன்னீர்கள் என்பதை எழுதி, படம் இணைத்து, மனு எண்ணுள்ள ரசீதை வாங்காமல் திரும்பாதீர்கள். போக முடியாதவர்களுக்கு முதல்வரின் உதவி மையம் 1100.

பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, உங்கள் உள்ளாட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். ‘ஏன் சாலை போடவில்லை?’ என்று கேட்டால் பதில் கிடைக்காது. ‘இந்த வார்டில், இந்த ஆண்டில் போட்ட சாலைப் பணிக்கான பணி ஆணை, எம் புக் (வேலையை அளந்து எழுதும் அளவீட்டுப் புத்தகம்), பட்டியல் தொகை ஆகியவற்றின் நகல்’ என்று ஆவணத்தைக் கேளுங்கள். பதிலுக்கு 30 நாள். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதிலும் தீராவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். கோப்பை நேரில் பார்க்கவும் கேட்கலாம், முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை.

தெருவுக்குச் சொல்வது

தெரிந்துகொண்டதை நாலு பேருக்குச் சேர்க்க, தெருமுனைக் கடைச் சுவரில் ஒரு கரும்பலகை போதும். வாட்ஸ்அப் இல்லாத பெரியவர்களும் படிப்பார்கள். தேதி, விஷயம், சொன்ன அலுவலகம், நாம் செய்ய வேண்டியது, கடைசி நாள். இந்த ஐந்தைத் தவிர வேறெதுவும் வேண்டாம். கட்சிப் பேச்சு ஒரு வரி வந்தாலும் பாதித் தெரு அந்தப் பலகையைப் பார்க்காது. ஏப்ரல், அக்டோபர் மாதங்களில், அரையாண்டுச் சொத்து வரியை முதல் 30 நாளில் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு என்பதை எழுதிப் போடுங்கள். பலருக்கு அது பயன்படும்.

தெருவில் மூன்று பேர் சேர்ந்து, ஒருவர் அஜெண்டா, ஒருவர் மனு ரசீதுகள், ஒருவர் பலகை என்று பிரித்துக்கொண்டால் சுமை தெரியாது. நாளைக்கே உங்கள் நகராட்சிக்கோ பேரூராட்சிக்கோ போய், அடுத்த மன்றக் கூட்டம் என்றைக்கு என்று கேட்டு வாருங்கள்.