இருள் நீக்கும் இயந்திரம்: இயக்கும் முறையும் எச்சரிக்கையும்



மின்விசிறி சுழல்வதும் குழாயில் தண்ணீர் வருவதும் நமக்கு அன்றாட நிகழ்ச்சிகள். அவற்றுக்குப் பின்னால் மின்சாரம் இருப்பதை, அது நின்றுபோகும்போதுதான் உணர்கிறோம். 2018 நவம்பர் 16 அன்று நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தது. மின்கம்பங்கள் சாய்ந்தன. காவிரிக் கழிமுகப் பகுதியில் பல சிற்றூர்கள் வாரக்கணக்கில் இருளில் மூழ்கின. மேல்நிலைத் தொட்டிக்கு நீரேற்ற அப்போது கைகொடுத்தவை ஜெனரேட்டர்களே. அவற்றின் சிறிய வகை ஒன்று இன்று பல வீடுகளிலும் கடைகளிலும் இருக்கிறது. அதை இயக்குவது ஆண்களின் வேலை என்று நாம் ஒதுங்கி நிற்கலாகாது. தவறாக இயக்கினால் துன்பம் வீட்டார் அனைவருக்கும்தானே!

இயங்கும் விதம்

காந்தப்புலம் மாறும்போது அதிலுள்ள கம்பிச்சுருளில் மின்னோட்டம் தூண்டப்படும் என்று 1831-ல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்தார். ஜெனரேட்டரின் அடிப்படை அதுவே. பெட்ரோல் எஞ்சின் சுழற்றுகிறது. அச்சுழற்சி மின்சாரமாக மாறுகிறது. நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். சாதாரண இருதுருவ ஜெனரேட்டர் நிமிடத்திற்கு ஏறத்தாழ 3000 முறை சுழலும். 3000-ஐ 60-ஆல் வகுத்துப் பாருங்கள். 50 எங்கிருந்து வந்தது என்பது விளங்கும்.

எங்கே வைப்பது?

இப்பாடத்தில் தலையாய கேள்வி இதுதான். எஞ்சினின் புகையில் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு உண்டு. அதற்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. நம் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் ஆக்சிஜனோடு சேர்வதைவிட இருநூறு மடங்குக்கும் மேலான வலிமையுடன் இவ்வாயுவோடு சேர்ந்துகொள்ளும். பிறகு மூச்சு ஓடிக்கொண்டிருந்தாலும் உடலுக்கு வேண்டிய ஆக்சிஜன் கிடைப்பதில்லை. உறங்குகிறவர் விழிக்காமலே இறந்துவிடக்கூடும்.

ஜெனரேட்டர் தேவைப்படுவது பெரும்பாலும் புயலும் மழையும் வீசும் இரவில். மழைக்குப் பயந்து கதவு, சன்னல்களை அடைக்கிறோம். இயந்திரம் நனையும், திருடுபோகும் என்று அதையும் தாழ்வாரத்திலோ மாடிப்படிக்கு அடியிலோ வைக்கிறோம். இவ்விரண்டும் சேரும்போதுதான் வீடு நச்சறையாக மாறுகிறது. சன்னலைத் திறந்து மின்விசிறியைச் சுழலவிட்டாலும் போதிய பாதுகாப்பு ஆகாது. திறந்த வெளியில், வீட்டிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, புகைக்குழாய் வீட்டுக்கு எதிர்த்திசையில் இருக்குமாறு வைக்க வேண்டும். மழை பெய்தால் நாற்புறமும் திறந்த கூரையின் கீழ் வைக்கலாம். காற்றின் போக்கு அண்டை வீட்டுச் சன்னலை நோக்கி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஜெனரேட்டர் ஓடும்போது தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், சோர்வு தோன்றினால் பசி என்றோ களைப்பு என்றோ எண்ணிப் படுத்துவிடாதீர்கள். உடனே அனைவரும் வெளியே வந்து நல்ல காற்றைச் சுவாசிக்க வேண்டும். 108-ஐ அழைக்க வேண்டும்.

தொடங்கும் முறை

1. சமமான, ஈரமில்லாத தரையில் வையுங்கள். எஞ்சின் ஆயில் அளவைப் பாருங்கள்.
2. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே பெட்ரோல் ஊற்றுங்கள். விளக்கோ மெழுகுவத்தியோ அருகில் கூடாது.
3. மின்சாதனங்கள் எதையும் இணைக்காமல், பெட்ரோல் குழாயைத் திறந்து, சோக்கை மூடி, எஞ்சின் சுவிட்சைப் போடுங்கள்.
4. தாவணி, சேலைத் தலைப்பு, பின்னல் ஆகியவற்றை ஒதுக்கிக்கொள்ளுங்கள். கயிற்றை மெதுவாக இழுத்து, கை தடைபடும் இடம் வந்ததும் வேகமாக இழுங்கள்.
5. எஞ்சின் பிடித்ததும் சோக்கைச் சிறிது சிறிதாகத் திறந்து, இரண்டு மூன்று நிமிடம் வெறுமனே ஓடவிடுங்கள். பிறகே சாதனங்களை ஒவ்வொன்றாக இணையுங்கள். ஈரக்கையால் எதையும் தொடாதீர்கள்.

சுமைக் கணக்கு

9 வாட் எல்.இ.டி. விளக்குகள் நான்கு 36 வாட். 75 வாட் மின்விசிறிகள் இரண்டு 150 வாட். குளிர்பதனப் பெட்டி சுமார் 200 வாட். மொத்தம் 386 வாட். ஆனால் ஒரு நுட்பம் உண்டு. குளிர்பதனப் பெட்டி, தண்ணீர் மோட்டார் போன்றவை தொடங்கும் நொடியில் வழக்கத்தைப்போலப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். ஆகவே மோட்டார் உள்ளவற்றை முதலிலும், விளக்குகளைப் பின்னரும் இணைப்பதே முறை.

பிறர் உயிரும் நம் கையில்

சிலர் ஜெனரேட்டரின் கம்பியை வீட்டுச் சுவர்ப் பிளக்கில் செருகி வீடு முழுவதற்கும் மின்சாரம் கொடுத்துவிடுகின்றனர். இது பெருங்குற்றம். அம்மின்சாரம் தெருக்கம்பிக்குத் திரும்பி ஓடும். தெரு மின்மாற்றி வழியே பின்னோக்கிச் சென்றால் ஆயிரக்கணக்கான வோல்ட்டாக உயரும். மின்சாரம் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேன் மீது அது பாயும். நமக்கு ஒளி தர மழையில் உழைப்பவரின் உயிரை நாமே பறிக்கலாமா? தகுதிபெற்ற மின்பணியாளரைக் கொண்டு சேஞ்ச் ஓவர் சுவிட்ச் பொருத்துங்கள். அது இல்லாவிடில், தடித்த மூன்று கம்பி நீட்டிப்பு வயரால் சாதனங்களை ஜெனரேட்டரிலேயே நேரடியாக இணையுங்கள்.

நிறுத்தும் முறை

முதலில் சாதனங்களை நிறுத்துங்கள். சிறிது நேரம் வெறுமனே ஓடவிட்டு எஞ்சினை நிறுத்துங்கள். பெட்ரோல் குழாயை மூடுங்கள். மீண்டும் பெட்ரோல் ஊற்ற வேண்டுமானால் நன்றாக ஆறும்வரை பொறுத்திருங்கள். சூடான எஞ்சினில் சிந்தும் சில துளிகளே தீப்பற்றப் போதும். மீந்த பெட்ரோலைச் சமையலறையில் வைக்காதீர்கள்.

சிந்திக்க:

1. உங்கள் வீட்டில் ஜெனரேட்டர் வைக்கத் தகுந்த இடம் எது? 20 அடியை அளந்து பாருங்கள்.
2. உங்கள் வீட்டுச் சாதனங்களின் வாட் அளவைக் கூட்டி எழுதுங்கள்.

மழைக்காலம் வருமுன் இவ்விரண்டு வினாக்களுக்கும் பெற்றோருடன் அமர்ந்து விடை காணுங்கள். ஓரிரவு இருளில் இருப்பதால் எவர்க்கும் கேடில்லை. ஒளியை அவசரப்பட்டு அழைப்பதில்தான் ஆபத்து இருக்கிறது.