ஊர் கூடி ஆடும் கூத்து

வங்கக் கடலோரத்தில், புதுச்சேரிக்கு வடக்கே அமைந்துள்ள பழமையான ஊர் மரக்காணம். சங்க இலக்கியம் கூறும் எயிற்பட்டினம் இதுவே என்பது அறிஞர் பலருடைய கருத்து. இவ்வூரைச் சூழ்ந்து கண்ணுக்கு எட்டிய தொலைவு வரை உப்பளங்கள் பரந்து கிடக்கின்றன. வெயிலில் அவை வெண்பட்டு விரித்தாற்போல் ஒளிரும். அவ்வழகைக் கண்டு மகிழ்வோர் பலர். அதன் பின்னுள்ள உழைப்பை எண்ணுவோர் சிலரே. கதிரவன் எழுமுன்பே ஆடவரும் பெண்டிரும் பாத்திகளில் இறங்குவர். உப்புநீர் அவர்தம் கால்களை அரிக்கும். வெண்மையின் கூச்சம் கண்களை வருத்தும். ஐப்பசியில் பருவமழை தொடங்கிவிட்டால் பாத்திகள் நீரில் மூழ்கும். அப்போது வேலையும் நின்றுவிடும், கூலியும் நின்றுவிடும்.

இவ்வாறு உழைக்கும் மக்களின் உள்ளத்திற்கு உரமூட்டும் கலை தெருக்கூத்து. மரக்காணத்தை உள்ளடக்கிய விழுப்புரம் மாவட்டத்திலும் அதனைச் சூழ்ந்த பகுதிகளிலும் திரௌபதி அம்மன் கோயில்கள் மிகுதி. செஞ்சியை அடுத்த மேலச்சேரிக் கோயிலை அவற்றுள் தலைமையானதாகப் போற்றுவர். இக்கோயில்களின் விழாக்களில் பகற்பொழுதில் பாரதச் சொற்பொழிவும், இரவு முழுதும் பாரதக் கூத்தும் நிகழும். பெரும்பாலும் தொழில்முறைக் குழுவினரே வந்து ஆடுவர். ஊர் இளைஞர்கள் வாத்தியார் ஒருவரிடம் பயின்று தாமே ஆடுவதும் உண்டு. அவ்வாறு ஆட முற்படும்போது முதலில் எழும் வினா, எந்தக் கூத்தைத் தேர்ந்தெடுப்பது என்பதே.

உப்பளத்தை அடுத்த சிற்றூர் ஒன்றில் இளைஞர் இருபதின்மர் கூடியிருப்பதாகக் கொள்வோம். மழைக்காலத்தில் கைகள் ஓய்ந்திருக்கும்போது பயின்று, பங்குனியில் ஆடுவது அவர்கள் எண்ணம். அவர்களுள் நல்ல குரல் வாய்ந்த ஒருவன், "கர்ண மோட்சம் ஆடலாம்" என்கிறான். அது கேட்போர் நெஞ்சை உருக்கும் கதைதான். ஆயினும், கர்ணனும் அவன் மனைவி பொன்னுருவியுமே அதன் சுமையில் பெரும்பகுதியைத் தாங்குவர். இருவர் சிறக்க ஏனையோர் வாளா நிற்க நேரும். அன்றியும், அவ்விருவருள் ஒருவர் நோயுற்றால் கூத்தே நின்றுவிடும்.

வேளாண்மை செய்யும் முதியவர் ஒருவர், "விராட பருவம் வேண்டும்" என்கிறார். விராட பருவம் படித்தாலும் ஆடினாலும் மழை பெய்யும் என்பது நெடுநாளைய நம்பிக்கை. அவருடைய வயல் வறண்டு கிடக்கிறது. ஆனால், பங்குனி உப்பு விளையும் காலம். ஒரு நாள் மழை பெய்தாலும் பல நாள் உழைப்பு பாத்தியிலேயே கரைந்துவிடும். ஒருவருக்கு வாழ்வாகும் மழை மற்றவருக்கு இழப்பாகிறது. இரு தரத்தாரும் வாழும் ஊரில், கூத்தைத் தேர்வது வெறும் சுவை பற்றிய செய்தி அன்று என்பது இதனால் விளங்கும்.

ஆடுவோருக்கு ஏற்ற கதையைத் தேர்தல் நாடக ஆசிரியர்க்கு உரிய திறமாகும். நாடகத் தலைமையாசிரியர் எனப் போற்றப்பெறும் சங்கரதாச சுவாமிகள் 1918-ஆம் ஆண்டில் மதுரையில் சிறுவர்களைக் கொண்டு நாடக சபை ஒன்றை அமைத்தார். அச்சிறுவர்களுக்காக அவர் இயற்றிய நாடகங்களுள் ஒன்று அபிமன்யு சுந்தரி. அதனை ஓர் இரவிலேயே எழுதி முடித்தார் என்பர். இளம் வீரனாகிய அபிமன்யுவின் கதை இளஞ்சிறுவர்க்கு எத்துணைப் பொருத்தம்! அப்பெரியார் 1922-ஆம் ஆண்டில் மரக்காணத்திற்குத் தெற்கேயுள்ள புதுச்சேரியில் மறைந்தார். ஆளுக்கேற்ற ஆட்டம் என்னும் அவர்தம் நெறி இன்றும் வழிகாட்டுகிறது.

இனி, நம் சிற்றூருக்கு ஏற்றது யாது? பகடைத் துகில் என்னும் கூத்தை நோக்குவோம். துரியோதனன், துச்சாதனன், சகுனி, கர்ணன், திருதராட்டிரன், வீடுமன், துரோணன், விதுரன், பாண்டவர் ஐவர், திரௌபதி, கண்ணன், கட்டியங்காரன் எனப் பதினாறு வேடங்கள் இதில் எளிதில் அமையும். எஞ்சியோர் திரை பிடிக்கவும், பின்பாட்டுப் பாடவும், தாளம் தட்டவும் வேண்டும். முகத்தில் வண்ணம் தீட்டி, மரத்தாலான முடியும் புயக்கட்டையும் அணிவதற்கு நெடுநேரம் ஆகும். ஆதலின் ஒருவரே அடுத்தடுத்து இரண்டு பெருவேடங்கள் புனைதல் அரிது. ஆள் மிகுந்த ஊருக்கே இக்கூத்து எளிது.

இவற்றினும் சிறந்த காரணம் ஒன்று உண்டு. திரௌபதி அவையை நோக்கி நீதி கேட்கிறாள். அக்கேள்விக்கு விடை கூறாது தலைகவிழ்ந்திருக்கும் பெரியோர் இல்லையேல் அக்காட்சிக்கு ஆற்றல் ஏது? ஒரு சொல்லும் பேசாத வேடமே அங்குப் பெரும்பொருளை உணர்த்துகிறது. வலியோர் அனைவரும் வாய்மூடி இருந்தமையே அவ்வவையின் குற்றம். பாரதக் கதையில், கௌரவர் நூற்றுவருள் ஒருவனாகிய விகர்ணன் எழுந்து நின்று அறத்தை எடுத்துரைக்கிறான். அவன் பேசுவது சிறிது. ஆனால் கதையில் அவன் பெற்ற இடம் பெரிது. எனவே பலர் ஆடும் கூத்தில் வேடத்தின் அளவைக் கொண்டு அதன் பெருமையை அளத்தல் தகாது.

இவ்வாறு எடுத்துரைத்தால் நல்ல குரலுடையவன் திரௌபதியாக வேடம் புனைய முன்வருவான். பெண் வேடத்தையும் ஆடவரே ஏற்பது கூத்தின் மரபு. இந்நாளில் பெண்டிரும் ஆடி வருகின்றனர். முதியவரின் விருப்பத்தையும் புறக்கணிக்க வேண்டுவதில்லை. விளைந்த உப்பை வாரி, அம்பாரமாகக் குவித்து, ஓலையால் மூடிய பின்னர் விராட பருவத்தை ஆடலாம். அப்போது பெய்யும் மழை எவர்க்கும் தீங்கு செய்யாது.

ஒரு பாத்தியின் நீர் உப்பாக விளைவதற்கு வாய்க்கால் வெட்டுவோர், வரப்புக் கட்டுவோர், வாருவோர், சுமப்போர் என அனைவரும் வேண்டும். அவர்களுள் எவரும் வேண்டாதவர் அல்லர். கூத்தும் அத்தகையதே. எல்லார்க்கும் இடமளித்து, எவர் நலத்தையும் கெடுக்காத கூத்தே ஊர்க்கூத்து எனப்படும் தகுதி உடையது.