சம்பளம் கொடுப்பவர்கள் எத்தனை பேர்?

வாடகைக்கு விட வீடு வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, "சதுர அடி என்ன விலை?" அந்த ஊரில் சம்பளம் கொடுக்கிறவர்கள் எத்தனை பேர் என்று யாரும் கேட்பதில்லை. நான் கேட்டேன். 2010-ல், ஸ்ரீபெரும்புதூரில், புரோக்கர் எதிரிலேயே கேட்டேன்: "இந்த செல்போன் கம்பெனி போயிட்டா இங்க யார் மாமா குடி வருவாங்க?" என் கணவரின் அண்ணன் சிரித்தார். "உலகக் கம்பெனிம்மா அது. நம்ம பேரப்பிள்ளைங்க காலத்துலயும் இருக்கும்."

கடன் வாங்கி ஆறு போர்ஷன் கட்டினார்கள். ஆளுக்கொரு பாயும் பக்கெட்டுமாக விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்துப் பிள்ளைகள் நாலு நாலு பேராகத் தங்கினார்கள். ஐந்தாம் தேதிக்குள் வாடகை வந்துவிடும். என் கேள்வியைச் சொல்லிக் காட்டாத விசேஷமே எங்கள் வீட்டில் நடக்கவில்லை.

அந்த செல்போன் கம்பெனி நோக்கியா. 2006-ல் தொடங்கிய அதன் ஆலை வரி வழக்கில் சிக்கியது. சொத்து முடக்கப்பட்டதால், நோக்கியாவின் செல்போன் தொழில் மைக்ரோசாஃப்ட் கைக்குப் போனபோது இந்த ஆலை போகவில்லை. 2014-ல் விருப்ப ஓய்வு அறிவித்தார்கள். நவம்பர் 1-ல் உற்பத்தியே நின்றது. ஆனால் எங்கள் வீடுகள் அதற்கு முன்பே காலியாக ஆரம்பித்துவிட்டன. கடைசியாகப் போன பெண் கேஸ் அடுப்பைச் சாக்கில் கட்டி வாசலில் வைத்துவிட்டு, "ரெண்டு மாச வாடகையை அட்வான்ஸ்லயே கழிச்சுக்குங்கக்கா" என்றாள். மிச்சம் இருந்த கரண்ட் பில்லுக்கு நூறு ரூபாயை எண்ணிக் கையில் வைத்தாள். வேலை போன பிள்ளை. வாங்க மனசு வரவில்லை.

கம்பெனிகள் வரும், போகும். அதைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஊரே ஒரு கேட்டை நம்பி நிற்கிறது என்று தெரிந்தும், அதையே பெருமையாகச் சொல்லி விற்றவர்கள் மேல்தான் என் கோபம். தெருவெல்லாம் 'டு லெட்' பலகை தொங்கும்போது வாடகையைக் குறைத்தாலும் ஆள் வராது. எல்லா வீட்டுக்காரரும் ஒரே வாரத்தில் குறைத்திருப்பார்கள். வங்கித் தவணை மட்டும் நிற்கவில்லை. என் வளையல்கள் அதில்தான் போயின. போட்ட பணத்துக்கும் கீழே 2017-ல் விற்றோம். வாங்கும்போது கமிஷன் எடுத்த அதே புரோக்கர் விற்கும்போதும் எடுத்துக்கொண்டார்.

"இப்போது அந்தப் பக்கம் வேலை கொட்டிக் கிடக்கிறதே, அவசரப்பட்டு விற்றுவிட்டீர்களே" என்பவர்களுக்கு ஒரு பதில். அதே பக்கத்தில் வல்லம் வடகாலில் அரசின் சிப்காட் கட்டி 2024 ஆகஸ்டில் திறந்த தொழிலாளர் விடுதியில் 18,720 பேர் தங்கலாம். வேலை திரும்பி வந்தாலும் வாடகை நம் வாசலுக்கு வரும் என்பதில்லை.

அடுத்த வீட்டுக்கு ஊரை நான்தான் தேர்ந்தெடுத்தேன். திருச்சி. "அது வளராத ஊராச்சே" என்றார்கள். வாடகைக்கு விடுகிறவளுக்கு ஊர் தாவிக் குதிக்க வேண்டியதில்லை. அங்கே யாராவது எப்போதும் வேலைக்கு வந்துகொண்டிருந்தால் போதும். பொன்மலை ரயில்வே பணிமனை 1928-லிருந்து ஓடுகிறது. பெல், துப்பாக்கித் தொழிற்சாலை, என்.ஐ.டி. மூன்றும் அறுபதுகளில் வந்தவை. இவை போக ரயில்வே கோட்ட அலுவலகம், அரசு மருத்துவமனை, கலெக்டர் அலுவலகம், வங்கிகள், நூறு வருஷத்தைத் தாண்டிய கல்லூரிகள். இவை எல்லாம் ஒரே வருஷத்தில் கதவைச் சாத்தாது.

அதற்காகத் திருச்சியில் எங்கு வாங்கினாலும் சரி என்று சொல்ல மாட்டேன். பெல்லுக்கு பாய்லர் ஆர்டர் குறைந்த வருஷங்களில் துவாக்குடி, திருவெறும்பூர்ப் பக்கத்துச் சின்னப் பட்டறைகள் பட்ட பாட்டை விசாரித்தேன். ஊருக்குள்ளேயே இன்னொரு ஸ்ரீபெரும்புதூர் வேண்டாமென்று உறையூருக்கு வந்தேன். புத்தூர் மருத்துவமனைகளுக்கும் தில்லைநகர் டாக்டர்களுக்கும் கல்லூரிகளுக்கும் பக்கம். 2005 வெள்ளத்தில் கோரையாறும் குடமுருட்டியும் கரை மீறியபோது தண்ணீர் எந்தத் தெருவரை வந்தது என்று பெட்டிக்கடைக்காரரிடம் கேட்டேன். விற்பவர் சொன்னதற்கும் அவர் சொன்னதற்கும் இரண்டு தெரு வித்தியாசம்.

வில்லங்கச் சான்று, பட்டா, தாய்ப்பத்திரம் எல்லாம் வழக்கம்போலத்தான். நல்ல வக்கீலிடம் கொடுத்துவிடுங்கள். கணக்கை மட்டும் நீங்களே போடுங்கள். விலையோடு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதத்தைச் சேர்க்க வேண்டும். வருஷ வாடகையை 11 மாதத்துக்கே கணக்கிட்டு, அதில் வீட்டு வரியும் வெள்ளையடிக்கும் செலவும் கழிக்க வேண்டும். புரோக்கர் 12 மாத வாடகையைப் பத்திரச் செலவு சேராத விலையோடு ஒப்பிட்டுக் காட்டுவார். அந்தத் தாளை அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

2025-ல் திருச்சி பஞ்சப்பூர் பேருந்து முனையம் திறந்ததிலிருந்து, "அங்க போடுங்க, ரெண்டு மடங்காகும்" என்று எனக்கு வராத போன் இல்லை. மனை விலை ஏறிவிட்டது, உண்மைதான். குடியிருக்க ஆள் வரட்டும், பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டேன்.

என் உறையூர் வீட்டில் கீழே ஒரு நர்ஸ் குடும்பம், மேலே ரயில்வேயில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர். வாடகை பெரிய தொகை இல்லை. ஆனால் வீடு சும்மா கிடந்ததில்லை.

நீங்கள் ஊர் பார்க்கப் போகும்போது புரோக்கரைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். காலை எட்டு மணிக்கு அந்தப் பகுதி பஸ் ஸ்டாப்பில் ஒரு மணி நேரம் நில்லுங்கள். வேலைக்குப் போகிறவர்களின் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைக் கவனியுங்கள். எல்லாம் ஒரே கம்பெனியின் அட்டையாக இருந்தால், முன்பணம் கொடுக்காமல் அடுத்த பஸ்ஸிலேயே ஊருக்குத் திரும்பிவிடுங்கள்.