நாட்டுக்கோழி: முள்ளைப் பார்த்து வாங்குங்கள்

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகிற வழியில், மயிலம் ரோடு பிரியும் இடம் கூட்டேரிப்பட்டு. சந்தை நாளில் அங்கே காலைக் கட்டிப் போட்ட கோழிகளோடு கூடைகள் வந்து இறங்கும். "நாட்டுக்கோழிதானாண்ணா?" என்று கேட்காத ஆள் இல்லை. "கொல்லையில மேஞ்சதுக்கா" என்ற பதில் வராத கூடையும் இல்லை. பிராய்லருக்குக் கொடுப்பதைப் போல் இரண்டு மடங்கு காசு கைமாறும். வீட்டுக்குப் போய் மூன்று விசில் விட்டு இறக்கினால் கறி ரப்பராக இழுக்கும். பழி கோழிமேல் விழும்.

கலர் இறகு இருந்தால் நாட்டுக்கோழி என்பதுதான் முதல் ஏமாற்றம். ஹைதராபாத் கோழி ஆராய்ச்சி நிலையத்தின் வனராஜா, பெங்களூரின் கிரிராஜா, தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் நந்தனம் கோழி எல்லாமே கலர் கோழிகள்தான். புறக்கடையில் வளர்க்கவென்றே உருவாக்கிய நல்ல இனங்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அசல் நாட்டுக்கோழியான சிறுவிடை ஒரு கிலோவைத் தொட ஐந்தாறு மாதம் ஆகும். இவை அதற்கு வெகு முன்பே தொட்டுவிடும். சிறுவிடை விலையைக் கொடுத்து இவற்றை வாங்குவது நஷ்டம்.

இனத்தைவிட வயது முக்கியம். சேவலின் காலில் முள் மொட்டாக இருந்தால் இளசு, நீண்டு வளைந்திருந்தால் முத்தல். பெட்டைக்கு மார்பெலும்பின் பின்நுனியைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். குருத்தாக வளைந்தால் வறுவலுக்கு ஆகும். கல்லாக நின்றால் குழம்புக்குத்தான். விற்பவர் முறைத்தால் முறைக்கட்டும்.

பிராய்லருக்கு ஹார்மோன் ஊசி போடுகிறார்கள், அதனால் நாட்டுக்கோழிதான் நல்லது என்பது அடுத்த நம்பிக்கை. பிராய்லர் ஆறு வாரத்தில் இரண்டு கிலோ வருவதற்குக் காரணம் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கியெடுத்த இனமும் தீவனமும். வளர்ச்சி ஹார்மோன் ஒரு புரதம். தீவனத்தில் கலந்தால் செரித்துப் போகும். ஆயிரக்கணக்கான கோழிகளுக்கு ஊசி போட்டால் பண்ணைக்காரருக்குக் கட்டுப்படியாகாது. கவலைப்பட வேண்டியது ஆன்டிபயாடிக் பற்றி. டெல்லியின் அறிவியல் சுற்றுச்சூழல் மையம் 2014-இல் தலைநகர் வட்டாரத்தில் 70 கோழிக்கறி மாதிரிகளைச் சோதித்தபோது 40 சதவீதத்தில் அதன் எச்சம் இருந்தது. கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கைக் கால்நடைகளுக்குக் கொடுக்க மத்திய அரசு 2019-இல் தடை போட்டது.

அறுத்த சூடு ஆறுவதற்குள் அடுப்பில் ஏற்றினால்தான் ருசி என்று மாமியார் வீட்டில் சொல்லியிருப்பார்கள். நடப்பது வேறு. அறுத்த ஒரு மணி நேரத்துக்குள் தசை விறைக்கத் தொடங்கும். அது தளர நாலைந்து மணி நேரம் பிடிக்கும். நடுவில் வேகவைத்தால் எந்த மசாலாவும் காப்பாற்றாது. காலையில் வாங்கி அறுத்து, ஃப்ரிட்ஜில் வைத்து ராத்திரிக்குச் சமைப்பதுதான் சரி. கூட்டேரிப்பட்டில் வாங்கிச் சென்னைக்குப் போகிறவர் ஐஸ் பெட்டியில் எடுத்துப் போனால் வழியிலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

உப்பை முதலில் போட்டால் கறி வேகாது என்பதும் வெறும் பேச்சு. முன்னாலேயே தடவி வைத்த உப்பு கறியின் ஈரத்தைப் பிடித்து வைக்கும். வேகாததற்குக் காரணம் கொலாஜன். ஓடி மேய்ந்த கோழியின் கால் தசையைக் கட்டியிருக்கும் நார் அது. வயது ஏற ஏற இறுகும். அது பசையாகக் கரைய நேரம் வேண்டும், பெருந்தீ உதவாது. குக்கரில் முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து, இளசுக்கு இருபது நிமிடம், முத்தலுக்கு அரை மணிக்கு மேல் விடலாம். ரொம்ப முத்தலா? பப்பாளிக்காய்த் துண்டு ஒன்று போட்டால் போதும். மறுநாள் குழம்பு ஃப்ரிட்ஜில் கூழாக உறைந்திருந்தால் நார் கரைந்துவிட்டது என்று அர்த்தம்.

மஞ்சள் போட்டு ஐந்து தடவை கழுவினால் கிருமி போகும் என்கிறார்கள். தெறிக்கும் தண்ணீரில் கிருமி மேடைக்கும் கத்திக்கும் பரவுவதுதான் மிச்சம். அதைக் கொல்வது கொதி.

தோலை உரிக்கச் சொல்வது இன்னொரு வீண்செலவு. ஒன்றரைக் கிலோ உயிர் எடையில் சமைக்கக் கிடைப்பது ஏறக்குறைய ஒரு கிலோ. அதிலும் தோலைக் கழித்தால் காசு கொடுத்த கொழுப்பையே குப்பையில் போட்டதாகும். இறகைப் பிடுங்கி, தீயில் வாட்டி, மஞ்சள் பூசி வெட்டச் சொல்ல வேண்டும். கழுத்து, கால், விலா எலும்பை ஒதுக்கி மிளகும் சீரகமும் தட்டிப் போட்டால் அன்று சாயங்காலம் நாலு பேருக்குச் சூப். மீதிக் கறி மறுநாள் குழம்பு. அதற்கும் மறுநாள், அடியில் தங்கிய குழம்புக்கு இட்லி.

வாங்குகிற மாதத்திலும் கணக்கு உண்டு. அம்மனுக்குக் கூழ் ஊற்றும் ஆடியில் கூடைக்காரர் சொன்னதுதான் விலை. புரட்டாசி பிறந்ததும் அவரே கூப்பிட்டுக் குறைத்துச் சொல்வார்.