சிபிஎல் பயிற்சி: பள்ளி, ஓடுபாதை, இருட்டு

வணிக விமானி உரிமத்துக்கு (சிபிஎல்) இந்திய விமானத் துறையின் ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏ கேட்பது 200 மணி நேரப் பறப்பு. பள்ளிகளின் கட்டணத்தை வரிசையாக எழுதி ஒப்பிடுகிறவர்கள், ஒரு மாணவருக்கு மாதம் எத்தனை மணி நேரம் பறக்கக் கிடைக்கிறது என்று மட்டும் கேட்பதில்லை. பத்து நாள் இடைவெளி விழுந்தால் அடுத்த வகுப்பில் பாதி, விட்டதைப் பிடிப்பதிலேயே போய்விடும். கட்டணம் குறைவு, ஆனால் விமானத்துக்கு வரிசையில் நிற்கவேண்டும் என்றால் அது மலிவே அல்ல.

பயணிகள் விமானங்கள் வந்துபோகும் நிலையத்தில் ஓடுபாதை முனையில் காத்திருக்க நேரும். இன்ஜினோடு மீட்டரும் ஓடும். கூட்டமில்லாத தளத்தில் ஒரு மணி நேரத்தில் ஏழெட்டு சர்க்யூட் (ஏறி, ஒரு சுற்றுச் சுற்றி இறங்குவது) அடிக்கலாம். தொடக்கத்துக்கு அதுதான் மேல். டவரோடு பேசிப் பழகுவதற்கு கிராஸ் கன்ட்ரிப் பயணங்களைப் பெரிய நிலையங்களுக்கு வைத்துக்கொள்ளலாம்.

கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கவேண்டிய 10 மணி நேரத்தில் 5 வரை சிமுலேட்டரில் செய்யலாம். அதை முதலில் முடியுங்கள். சிமுலேட்டரை நடுவானில் நிறுத்தி, தப்பைப் பேசிவிட்டுத் தொடர முடியும்.

இரவுப் பறப்பு 5 மணி நேரம். அதில் 10 முறை ஏறி இறங்கவேண்டும். ஓடுபாதை விளக்கு இல்லாத பள்ளி உங்களை வேறு தளத்துக்கு அனுப்பும். அந்தச் செலவு யார் தலையில் என்று சேரும்போதே கேட்டுவிடுங்கள்.

முதல் இரவு வகுப்பை அந்தியில் தொடங்குவது நல்லது. பழகிய ஓடுபாதையில் வெளிச்சம் மெல்ல வடிவதைப் பார்த்துக்கொண்டே சுற்றலாம். கண் இருட்டுக்கு முழுதாகப் பழக அரைமணி நேரமாகும். நடுவில் செல்போனைப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து!

அடுத்தடுத்த வகுப்புகளுக்கு நகர வெளிச்சத்தை விட்டு, சுற்றிலும் வயலோ கடலோ உள்ள தளமே என் தேர்வு. அங்கே ஓடுபாதை விளக்குகள் மட்டும் தெரியும். இருக்கும் உயரத்தைவிட மேலே இருப்பதாகக் கண் பொய் சொல்லும். அதை நம்பினால் விமானம் தாழ்ந்துகொண்டே போகும். ஆகவே ஓரத்தில் பாப்பி விளக்கு இருக்கிற தளமாகப் பாருங்கள்: இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு என்றால் சரியான சரிவு, நான்கும் சிவப்பென்றால் மிகவும் தாழ்வு. கண்ணை விட்டு இந்த விளக்கை நம்பும் பழக்கத்தை இன்ஸ்ட்ரக்டர் பக்கத்தில் இருக்கும்போதே பெறவேண்டும். லேண்டிங் லைட்டை அணைத்து ஓரிரு முறை இறங்கவைக்கும் இன்ஸ்ட்ரக்டர் கிடைத்தால், அவருடைய நேரத்துக்காக ஒரு வாரம் காத்திருந்தாலும் தகும்.