ஆறிய காயமும் ஆறாத வலியும்



மூட்டை தூக்கி வந்த முதுகுவலி சில வாரங்களில் போய்விட வேண்டும். சிலருக்கோ பத்து வருடமாகியும் போவதில்லை. எக்ஸ்ரே எடுத்தால் எலும்பு சரியாயிருக்கிறது. உடனே வீட்டார், "எல்லாம் மனப்பிரமை" என்று சொல்லிவிடுகிறார்கள். அது சரியல்ல. மூன்று மாதத்துக்கு மேல் நீடிப்பதை நாட்பட்ட வலி என்று டாக்டர்கள் கூறுகின்றனர். அது மெய்யான வலியே. அதன் காரணங்களுள் ஒன்றைப் பற்றி நான் படித்தறிந்ததை இங்கே எழுதுகிறேன்.

அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் டாக்டர் வின்சென்ட் ஃபெலிட்டியும் டாக்டர் ராபர்ட் ஆண்டாவும் ஓர் ஆராய்ச்சி நடத்தினர். 17,000க்கு மேற்பட்ட பெரியவர்களிடம், பதினெட்டு வயதுக்குள் அடி உதை பட்டதுண்டா, இழிசொல் கேட்டதுண்டா, தாய் அடிபடக் கண்டதுண்டா என்றெல்லாம் கேட்டனர். முதல் முடிவு 1998ல் வெளியாயிற்று. இளமைத் துன்பங்கள் கூடக்கூட, இருதய நோயும் மனச்சோர்வும் கூடியிருந்தன. நாட்பட்ட வலியும் அவ்வாறே என்பதைப் பின்வந்த ஆராய்ச்சிகள் காட்டின.

இது எப்படி நேர்கிறது? மூளையில் வாதுமைப் பருப்பளவில் அமிக்டாலா என்றொரு பகுதி உண்டு. ஆபத்தை அறிவிக்கும் காவற்காரன் அது. கடையில் அடிக்கடி திருட்டுப் போனால், பூனை நடந்தாலும் காவற்காரன் கூச்சலிடுவான் அல்லவா? அஞ்சி அஞ்சி வளர்ந்த பிள்ளையின் காவற்காரனும் அப்படியே பழகிப் போகிறான். அவனை அடக்கும் முதலாளி, நெற்றிக்குப் பின்னுள்ள மூளைப்பகுதி. அது முற்றுவதற்கு இருபது வயதுக்கு மேலும் ஆகிறது. அதற்குள் அச்சமே வாழ்க்கையானால் முதலாளியின் பிடி தளரக்கூடும். கார்டிசோல் என்னும் சுரப்பும் ஒழுங்கு குலையும். பிற்காலத்தில் சிறு சுளுக்கு வந்தாலும் மூளை அதைப் பேராபத்தாகக் கணக்கெழுதுகிறது. தசை ஆறிய பின்னும் கணக்கு அடைபடுவதில்லை.

ஒன்றை மறக்கலாகாது. இளமையில் துன்புற்ற எல்லாருக்கும் வலி வருவதில்லை. வலியுள்ள எல்லாரும் துன்புற்றவரும் அல்லர். முதலில் டாக்டரிடம் காட்டி, வேறு நோய் இல்லையென்று அறிய வேண்டும்.

மூளை திரும்பவும் கற்கக் கூடியது. அமெரிக்காவில் 2021ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், முதுகுவலிக்காரர் 50 பேருக்கு, வலியைக் கண்டு அஞ்சாதிருக்க நான்கு வாரம் பேச்சுவழிச் சிகிச்சை அளித்தனர். 33 பேருக்கு வலி முழுதும் அல்லது ஏறக்குறைய முழுதும் நீங்கிற்று. வழக்கமான சிகிச்சையில் பத்திலொருவருக்கே அவ்வாறாயிற்று.

சென்ற மாதம் என் மகன் கல்லாவில் மீதிக்காசைத் தவறாகக் கொடுத்துவிட்டான். என் கை ஓங்கியது. அவன் தலையை மறைத்துக்கொண்டான். என் வாப்பாவின் முன் நானும் அப்படித்தான் மறைத்துக்கொள்வேன். கையை இறக்கிவிட்டேன். எனக்கும் எட்டு வருடமாக இடுப்புவலி உண்டு. அது இதனால்தான் என்று சொல்லத் துணியேன். ஆனால் இன்று நாம் எழுதிவைக்கும் கடனை நம் பிள்ளைகள் நாற்பது வயதில் அடைக்க வேண்டுமா? சகோதரர்களே, சிந்தியுங்கள்.